புதிதாக வகுப்பு ஆலோசகர் ஆனவர்களுக்கு

இருபது மாணவர்களின் பட்டியலைக் கையில் கொடுத்து, "இனி இவங்க உங்க பொறுப்பு" என்று சொல்லிவிட்டுத் துறைத் தலைவர் போயிருப்பார். உங்களுக்கே முப்பது வயது ஆகியிருக்காது. அதனால் சில வார்த்தைகள்.

1. பையன் தானாக வந்து சொல்லமாட்டான். அரியர் விழுந்தாலும், காதல் முறிந்தாலும், ஊரில் கடன்காரன் வாசலில் நின்றாலும் "ஒண்ணுமில்ல சார்"தான். சங்கடம் வேறு இடத்தில் தெரியும். முதல் பீரியடில் ஆள் இருக்காது, ரெக்கார்டு நோட்டு பாதியில் நிற்கும், விடிய விடிய மொபைலில் கேம். வருகை 75 சதவீதத்துக்குக் கீழே போனபின் கடிதம் அனுப்பிப் பயனில்லை. மூன்றாம் வாரமே கூப்பிடுங்கள். எதிரே உட்காரவைத்து விசாரிக்காதீர்கள். லேபில் ஒரு வேலையைக் கொடுத்துக் கூடவே நின்று பேசுங்கள். டீக்கடைவரை நடந்தாலும் சரி.

2. பெண்பிள்ளைகள் மனம்விட்டுப் பேசுகிறார்கள், அவர்களுக்கு ஆபத்தில்லை என்று இருந்துவிடாதீர்கள். நெருக்கடியில் பெண்கள் உறவுகளைப் பற்றிக்கொண்டு சமாளிக்கிறார்கள் என்று அமெரிக்க உளவியலாளர் ஷெல்லி டெய்லர் 2000இல் எழுதினார். சரிதான். ஆனால் நடந்ததையே அசைபோடும் வழக்கம் பெண்களிடம் கூடுதல், அது மனச்சோர்வை நீட்டிக்கிறது என்று இன்னோர் உளவியலாளர் சூசன் நோலன்-ஹோக்சிமா காட்டியிருக்கிறார். அறைத்தோழிகள் இரவு இரண்டு மணிவரை ஒரே விஷயத்தைப் பேசிவிட்டு, முன்னைவிட வாடிய முகத்தோடு வகுப்புக்கு வருவார்கள். பொறுமையாகக் கேளுங்கள். கேட்டு முடித்ததும், "நாளைக்கு முதல்ல என்ன செய்யலாம்மா?" என்று ஒரு கேள்வி போடுங்கள்.

3. பையன் மூடிக்கொள்வதும் பெண் பேசித் தீர்ப்பதும் பிறவிக்குணம் என்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. பெண்கள் விடுதி கேட் எத்தனை மணிக்கு மூடுகிறது என்று பாருங்கள். மனசு சரியில்லையென்றால் பையன் பைக்கை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவான். மாலையிலேயே உள்ளே அடைபட்டவளுக்கு அறையும் தோழியும்தான். 2015இல் டில்லி மாணவிகள் 'பிஞ்ச்ரா தோட்' (கூண்டை உடை) என்று கிளம்பியது இந்த நேரக் கட்டுப்பாட்டை எதிர்த்துத்தான். "கொஞ்சம் வெளியே நடந்துட்டு வா" என்று சொல்லுமுன், அவளால் வெளியே போக முடியுமா என்று யோசியுங்கள். இன்னொன்று: வீட்டுக்குத் தெரிந்தால் படிப்பை நிறுத்தி மாப்பிள்ளை பார்த்துவிடுவார்கள் என்ற பயம் பலருக்கு உண்டு. அவளைக் கேட்காமல் அப்பாவுக்குப் போன் போடாதீர்கள். உயிருக்கு ஆபத்தென்றால் மட்டும் விதிவிலக்கு.

4. விம்மி அழும் பையனும் வருவான், வாயே திறக்காத பெண்ணும் வருவாள். அப்போது மேலே சொன்னதைத் தள்ளிவையுங்கள்.

5. "செத்துடலாம்போல இருக்கு" என்று யார் சொன்னாலும் விளையாட்டாக எடுக்காதீர்கள். பையன் சும்மா சொல்கிறான் என்றும் நினைக்காதீர்கள்: தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022 கணக்கில், தற்கொலையால் இறந்தவர்களில் பத்துக்கு ஏழு பேர் ஆண்கள். நீங்கள் மருத்துவர் அல்ல. அரசின் மனநல உதவி எண்ணான டெலி மனஸைக் கூப்பிடுங்கள்: 14416, எந்நேரமும் இலவசம், தமிழிலேயே பேசலாம். எண்ணை எழுதிக் கொடுத்து அனுப்பிவிடாதீர்கள். நீங்களே போட்டுக் கொடுத்து, பேசி முடிக்கும்வரை கூட இருங்கள். அன்றிரவு தனியே விடாமல் பார்த்துக்கொள்ள விடுதிக் காப்பாளரிடம் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள்.