கனடாவில் குடியேறியவர் முதல் வருஷத்து வரிக்கணக்கை எழுதுவது எப்படி?

முதல் உலக மகா யுத்தத்தின் செலவை ஈடுகட்டும் பொருட்டு 1917-ஆம் வருஷத்தில் கனடா சர்க்கார் விதித்ததும், யுத்தம் ஓய்ந்தபின் மறுபரிசீலனை செய்துகொள்ளலாம் என்று அக்காலத்து நிதி மந்திரி நாசூக்காகச் சொல்லிவைத்ததுமான வருமான வரி, ஒரு நூற்றாண்டு கடந்தும் அங்கே திடகாத்திரமாக இருந்து வருகிறது. ஆனால் டொரொண்டோவிலோ அதன் சுற்றுப்புறங்களிலோ புதிதாக வந்திறங்கும் நம்மவர் பலர், வரி என்பது கைநிறையச் சம்பாதிப்பவருடைய கவலை என்று எண்ணி, முதல் வருஷத்துக் கணக்கைத் தாக்கல் செய்யாமலே விட்டுவிடுகிறார்கள். அந்நாட்டில் சர்க்கார் வழங்கும் உதவித் தொகைகளில் பெரும்பாலானவை இந்த வரிக்கணக்கை ஆதாரமாகக் கொண்டே நிர்ணயிக்கப்படுவதால், வருமானமே இல்லாதவருக்குத்தான் கணக்கு எழுதுவது அதிக லாபகரமான காரியம் என்பது என் அபிப்பிராயம்.

முதலில் செய்யவேண்டியது, 'சின்' என்று எல்லோரும் அழைக்கும் ஒன்பது இலக்கச் சமூகக் காப்புறுதி எண்ணை சர்வீஸ் கனடா அலுவலகத்தில் பெற்றுக்கொள்வது. இதற்குக் கட்டணம் கிடையாது. தற்காலிக அனுமதியில் இருப்பவருடைய எண் 9-இல் தொடங்கும். வேலை கொடுப்பவருக்கும், வட்டி தரும் கணக்கை வைத்திருக்கும் வங்கிக்கும், வரி இலாகாவுக்கும் இந்த எண்ணைத் தெரிவிக்க வேண்டும்; வாடகை வீட்டுக்காரர் வற்புறுத்திக் கேட்டாலும் அவருக்குக் கொடுக்க வேண்டிய நிர்ப்பந்தம் இல்லை.

அடுத்தது, வந்திறங்கிய தேதியைக் குறித்துவைப்பது. இது அற்பமான விஷயமாகத் தோன்றலாம். ஆனால் குடும்பத்தோடு வந்து வீடு அமர்த்திக்கொண்ட அந்த நாளிலிருந்துதான் ஒருவர் வரியின் பொருட்டு கனடா வாசியாகக் கருதப்படுகிறார். அன்றுமுதல் உலகின் எந்த மூலையிலிருந்து வரும் வருமானத்தையும், கோயமுத்தூர் வீட்டு வாடகையானாலும் யாழ்ப்பாணத்து வங்கி வட்டியானாலும், கணக்கில் காட்டியாக வேண்டும். ஊரில் கட்டிய வரியை கனடாவில் கழித்துக்கொள்ள வழியுண்டு. இந்தியாவோடும் இலங்கையோடும் கனடா அதற்கான உடன்படிக்கை செய்திருக்கிறது. அந்தத் தேதிக்கு முன் ஈட்டியதற்கு கனடாவில் வரி இல்லையென்றாலும், அந்த வருஷத்தில் வருமுன் எவ்வளவு ஈட்டினோம் என்பதைப் படிவத்தில் எழுதத்தான் வேண்டும். வரி விலக்குத் தொகையும் வசித்த நாட்களின் விகிதத்துக்கே கிடைக்கும்.

ஊரில் காணியோ வீடோ பங்குகளோ வைத்திருப்பவர் இங்கே இன்னொரு ஜாக்கிரதையும் கொள்ளவேண்டும். பிற்காலத்தில் அவற்றை விற்கும்போது லாபம் என்பது, தாத்தா வாங்கிய விலையிலிருந்து அல்லாமல், நாம் கனடாவுக்குக் குடிவந்த நாளின் சந்தை மதிப்பிலிருந்தே கணக்கிடப்படும் ஆதலால், அந்த மதிப்பை ஒரு மதிப்பீட்டாளரிடம் எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்வது பெரும் பணத்தை மிச்சப்படுத்தக்கூடும். சொந்த உபயோகத்துக்கு அல்லாத வெளிநாட்டுச் சொத்தின் அடக்கவிலை மொத்தம் ஒரு லட்சம் டாலரைத் தாண்டினால், இரண்டாம் வருஷம் முதல் அதற்கென்று டி 1135 என்ற தனிப் படிவமும் நிரப்பவேண்டும்.

உதவித் தொகைகளுக்கு வரிக்காலம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. குழந்தைகள் இருந்தால் ஆர்சி 66, இல்லையென்றால் ஆர்சி 151 என்ற படிவத்தை வந்தவுடனே அனுப்பிவிடலாம். குழந்தைகளுக்கான படிவத்தைச் சாதாரணமாகத் தாயார் பெயரிலேயே அனுப்புவது வழக்கம். நிரந்தர வாசிகளுக்கு இந்தக் குழந்தைகளுக்கான தொகை உடனே உரியது. தற்காலிக அனுமதியில் இருப்பவர் பதினெட்டு மாதம் வசித்திருக்க வேண்டும். ஆனால் மறுவருஷம் முதல் கணவன் மனைவி இருவருமே, ஒருவர் ஒரு டாலரும் சம்பாதிக்காமல் வீட்டோடு இருந்தாலும், கணக்குத் தாக்கல் செய்தால்தான் பணம் தடையின்றி வரும்.

வேலையில் சேரும் நாளில் டிடி 1 என்ற படிவத்தை நீட்டுவார்கள். அடிப்படை விலக்குத் தொகையை ஒரே ஒரு முதலாளியிடம்தான் கோரவேண்டும். பகலில் தொழிற்சாலையிலும் இரவில் கடையிலுமாக இரண்டு வேலை பார்ப்பவர் இரண்டு இடத்திலும் கோரினால், வருஷம் முழுவதும் வரி குறைவாகப் பிடிக்கப்பட்டு, கணக்கு எழுதும்போது பாக்கித் தொகை மொத்தமாக வந்து நிற்கும். ஊபர் போன்ற வாடகைக் கார் ஓட்டுபவர் முதல் சவாரியிலிருந்தே விற்பனை வரிக்குப் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

வரி வருஷம் ஜனவரியில் தொடங்கி டிசம்பரில் முடிகிறது. சம்பளத்தையும் பிடித்த வரியையும் காட்டும் டி 4 சிலிப் பிப்ரவரி முடிவுக்குள் கைக்கு வரும். ஏப்ரல் 30 கடைசி நாள். சுயதொழில் செய்பவருக்கு ஜூன் 15 வரை தவணை உண்டென்றாலும், கட்டவேண்டிய பணத்துக்கு அதே ஏப்ரல் 30-க்கு மறுநாள் முதலே வட்டி ஓடும். பாக்கி வைத்துக்கொண்டு தாமதித்தால் அதில் நூற்றுக்கு ஐந்தும், அதன்மேல் மாதத்துக்கு ஒன்றுமாக அபராதம் ஏறும். குறைந்த வருமானமும் சுலபமான கணக்கும் உள்ளவர்களுக்குத் தொண்டர்கள் இலவசமாக எழுதிக்கொடுக்கும் முகாம்கள் வசந்தகாலத்தில் பல இடங்களில் நடக்கின்றன. அங்கே போகக் கூச்சப்பட வேண்டாம். ஊரிலுள்ள பெற்றோருக்கு அனுப்பும் பணத்தை வருமானத்திலிருந்து கழிக்க முடியுமா என்று கேட்காதவர் இல்லை. முடியாது.

சேமிப்பில் டிஎஃப்எஸ்ஏ என்ற வரியற்ற கணக்கே புதியவருக்கு ஏற்றது. ஆனால் அது 2009-இல் தொடங்கியது என்று கேள்விப்பட்டு, அன்றுமுதல் சேர்ந்த வரம்பு முழுவதும் தமக்கும் உரியது என்று சிலர் பணத்தைக் கொட்டிவிடுகிறார்கள். குடிவந்த வருஷத்திலிருந்துதான் வரம்பு பிறக்கிறது. 2025-இல் அது 7,000 டாலர். மிஞ்சினால் மிகுதிக்கு மாதம் ஒரு சதவீத வரி. குழந்தையின் படிப்புக்கான ஆர்இஎஸ்பி கணக்கில் வருஷத்துக்கு 2,500 டாலர் போட்டால் சர்க்கார் 500 டாலர் சேர்க்கும். நண்பர்கள் கூடிப் பிடிக்கும் சீட்டு நம்மிடையே பழகிய ஏற்பாடுதான். ஆயினும் வங்கிச் சேமிப்புக்கு உள்ள ஒரு லட்சம் டாலர் வரையிலான வைப்புக் காப்புறுதி அதற்குக் கிடையாது.

கணக்கைப் பரிசீலித்தபின் வரி இலாகா ஒரு மதிப்பீட்டு அறிவிப்பை அனுப்பும். ஓய்வுகாலச் சேமிப்பான ஆர்ஆர்எஸ்பி-யில் எவ்வளவு போடலாம் என்ற தொகை அதில்தான் அச்சாகியிருக்கிறது. அந்த அறிவிப்பையும், கணக்குக்கு ஆதாரமான ரசீதுகளையும் ஆறு வருஷம் பத்திரப்படுத்த வேண்டும். அதுவரைக்கும், அதற்குப் பின்னும், இலாகாவின் பெயரால் தொலைபேசியில் மிரட்டிப் பரிசு அட்டைகளாகப் பணம் கேட்பவர்கள் உண்டு. வரி இலாகா அப்படிக் கேட்பதில்லை. ரிசீவரை வைத்துவிட்டு, அறிவிப்பில் கண்ட எண்ணுக்கு நாமே அழைத்து விசாரித்துக்கொள்ளலாம்.