அருகில் இருப்பவர்

நோயாளி, மருத்துவர், மருந்து, அருகிலிருந்து பணிவிடை செய்பவர் ஆகிய நான்கும் சேர்ந்ததே மருத்துவம் என்கிறது திருக்குறளின் 950-ஆம் குறள். சரக சம்ஹிதையும் இதே நான்கைக் கூறுகிறது. பணிவிடை செய்பவரை அந்நூல் ‘உபஸ்தாதா’ என்று அழைக்கிறது. அருகில் நிற்பவர் என்பது அதன் பொருள். பணிவிடை பற்றிய அறிவு, செயல்திறன், நோயாளியிடம் அன்பு, தூய்மை ஆகிய நான்கும் அவருக்குரிய தகுதிகளாம். இங்கே அன்பு, விரும்பினால் சேர்த்துக்கொள்ளும் அணிகலன் அன்று. திறமையோடு சமமாக வைத்து எண்ணப்படும் தகுதி.

1908-ஆம் ஆண்டு முதல் ஆயுர்வேதக் கல்லூரி நடைபெற்றுவரும் மைசூருவில் சரகரின் நூல் இன்றும் பயிலப்படுகிறது. அதே நகரின் நவீன மருத்துவமனைகளில் செவிலியம் பயிலும் மாணவிக்கும் அந்த இலக்கணம் பொருந்துமா?

தீவிர சிகிச்சைப் பிரிவினுள் முதன்முறையாக நுழையும் மாணவியின் பார்வை கருவிகளின்மீதே செல்லும். இதயத் துடிப்பு, இரத்த அழுத்தம், ஆக்ஸிஜன் அளவு ஆகியவை திரையில் எண்களாக மாறிக்கொண்டிருக்கும். அவற்றைக் கவனிப்பது அவளது கடமை. ஆனால் மனம் எண்களோடு நின்றுவிட்டால், படுத்திருக்கும் மனிதர் வெறும் ‘ஏழாம் எண் கட்டில்’ ஆகிவிடுவார். அவரது நிலையோ துயரமானது. செயற்கைச் சுவாசக் குழாய் குரல்நாண்களின் நடுவே செல்வதால், நினைவு இருந்தும் அவரால் பேச இயலாது. பகலா இரவா என்பதும் தெரியாது. அச்சத்தாலும் மனக்குழப்பத்தாலும் குழாயைப் பிடுங்க முயல்பவர்களும் உண்டு.

இத்தகைய சிகிச்சைப் பிரிவு பிறந்த வரலாறு சிந்திக்கத்தக்கது. 1952-இல் டென்மார்க்கின் கோபன்ஹேகன் நகரில் இளம்பிள்ளை வாதம் கடுமையாகப் பரவியது. சுவாசத் தசைகள் செயலிழந்தவர்களுக்குப் போதிய கருவிகள் இல்லை. பியோன் இப்சன் என்ற மருத்துவர், நோயாளியின் மூச்சுக்குழாயில் துளையிட்டுக் குழாய் பொருத்தி, ரப்பர் பையைக் கையால் அழுத்திக் காற்றுச் செலுத்தும் முறையைக் கையாண்டார். பையை அழுத்தும் கைகளாக வந்தவர்கள் மாணவர்கள். ஏறத்தாழ 1,500 பேர். இரவும் பகலும் முறைவைத்து, படுக்கையருகே அமர்ந்து அவர்கள் மூச்சைக் கொடுத்தார்கள். முன்பு பத்தில் எட்டுப் பேருக்கு மேல் இறந்துகொண்டிருந்த நிலை மாறி, இறப்பு பாதிக்கும் கீழாகக் குறைந்தது. மறு ஆண்டே இப்சன் தனியாகத் தீவிர சிகிச்சைப் பிரிவு ஒன்றை அமைத்தார்.

ஆகவே, கருவிக்கு முன்பே அங்கே ஒரு கை இருந்தது. காற்றுச் செலுத்தும் வேலையை இன்று இயந்திரம் ஏற்றுக்கொண்டுவிட்டது. அருகில் இருக்கும் வேலையை அதனால் ஏற்க முடியாது.

அந்த வேலை சின்னஞ்சிறு செயல்களால் ஆனது. தொடுவதற்கு முன் பெயர் சொல்லி அழைத்தல், “ஐயா, சளியை எடுக்கப் போகிறேன், இருமல் வரும், சீக்கிரம் முடிந்துவிடும்” என்று முன்கூட்டியே சொல்லுதல், ‘ஆம்’ என்பதற்குக் கண் சிமிட்டக் கற்பித்தல், எழுத்துப் பலகையைக் காட்டுதல், மூக்குக்கண்ணாடியை அணிவித்தல், இன்று என்ன கிழமை என்று கூறுதல், உலர்ந்த உதட்டை நனைத்தல், உடல் துடைக்கும்போது திரையை இழுத்து மூடுதல். புண் வராமல் புரட்டிப் படுக்க வைக்கும்போதும் கை முரட்டுத்தனமின்றி இயங்க வேண்டும். கன்னடம், தமிழ், மலையாளம், உருது எனப் பல மொழியினர் வந்து சேரும் மைசூருவில், “வலிக்கிறதா?” என்ற ஒரு சொல்லை நோயாளியின் தாய்மொழியில் கற்றுக்கொள்வதும் சிகிச்சையே.

நினைவற்றவரிடம் பேசுவதால் பயன் என்ன என்று கேட்கத் தோன்றலாம். கனடாவில் 2020-இல் வெளியான ஓர் ஆய்வில், மரணத்தறுவாயில் எந்தப் பதிலும் அளிக்காதிருந்த சிலரின் மூளை, ஒலிகளுக்கு எதிர்வினை காட்டியது தெரியவந்தது. கேட்டதை அவர்கள் உணர்ந்தார்களா என்று அந்த ஆய்வு அறுதியிட்டுச் சொல்லவில்லை. எனினும் படுக்கையருகே அலட்சியமாகப் பேசாதிருக்க இதுவே போதுமான காரணம்.

எல்லோரும் பிழைப்பதில்லை. அன்பு மரணத்தைத் தடுத்துவிடும் என்று மாணவிக்குச் சொல்வது அவளை ஏமாற்றுவதாகும். தான் பராமரித்தவர் இறக்கும்போது அவள் கண் கலங்கலாம். அது பலவீனம் அன்று. மூத்த செவிலியர் அவளைத் தேற்ற வேண்டும். அவளும் உண்டு, உறங்கி, மனத்தெளிவோடு அடுத்த நோயாளியிடம் செல்ல வேண்டும். விளைவு அவள் கையில் இல்லை. அந்த மனிதர் கைவிடப்பட்டவராக உணராதிருக்கச் செய்வது அவள் கையில் இருக்கிறது.

இது செவிலியர்க்கு மட்டும் உரிய பாடம் அன்று. வீட்டில் படுக்கையிலிருக்கும் முதியவருக்கு மாத்திரையை நேரம் தவறாமல் கொடுத்துவிட்டு, ஒரு வார்த்தையும் பேசாமல் நகர்பவர்கள் நம்மிடையே பலர். மருந்து கொடுத்தாயிற்று, அருகில் இருந்தோமா என்பதே கேள்வி.