சாவி மட்டும் போதாது

அன்புள்ள கயல்விழிக்கு,

பெரியப்பா எழுதுவது. உன் கடிதம் கிடைத்தது. 21 வயது நிறைந்துவிட்டது, ஊராட்சித் தேர்தல் எப்போது வந்தாலும் தலைவர் பதவிக்கு நிற்கப் போகிறேன் என்று எழுதியிருக்கிறாய். உன் அம்மா பயப்படுகிறாள். எனக்குச் சந்தோஷம். வாக்கு கேட்பது எப்படி, யார் யாரை முதலில் போய்ப் பார்ப்பது என்றெல்லாம் கேட்டிருக்கிறாய். அதைச் சொல்லித்தர ஊரில் நிறையப் பேர் இருக்கிறார்கள். ஜெயித்த பிறகு, முன்பு இருந்தவர்களிடமிருந்து பொறுப்பை எப்படி வாங்குவது என்பதைச் சொல்லித்தரத்தான் ஆளில்லை. ஒன்றிய அலுவலகத்தில் வேலை பார்த்த காலமெல்லாம் நான் அதிகம் கவலைப்பட்டது இதைப் பற்றித்தான். நல்ல மனசோடு வந்த தலைவர்கள், ஊராட்சியின் கையில் என்ன இருக்கிறது, என்ன இல்லை என்று தெரிந்துகொள்வதற்குள்ளேயே பதவிக்காலத்தில் பாதியைத் தொலைத்ததைப் பார்த்திருக்கிறேன்.

முதலில் ஒன்றைத் தெரிந்துகொள். நம் மாநிலத்தில் பழைய தலைவர் புதிய தலைவரிடம் நேரடியாகப் பொறுப்பைக் கொடுப்பது இப்போது அபூர்வம். பழைய மன்றத்தின் ஐந்தாண்டு முடிவதற்குள் புதிய மன்றத்துக்குத் தேர்தல் நடந்து முடிய வேண்டும் என்கிறது அரசியல் சாசனத்தின் 243-இ பிரிவு. நடந்தது வேறு. 2016 அக்டோபரில் பதவிக்காலம் முடிந்தது. அடுத்த தேர்தல் 2019 டிசம்பரில்தான் வந்தது, அதுவும் 27 மாவட்டங்களில். மாவட்டப் பிரிப்பில் சிக்கிய மற்ற 9 மாவட்டங்கள் 2021 அக்டோபர் வரை காத்திருந்தன. 2020 ஜனவரி 6-ஆம் தேதி பதவியேற்றவர்களின் காலம் 2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு முடிந்தது. மறுபடியும் தனி அலுவலர்கள் வந்தார்கள்.

தனி அலுவலர் என்றால் வட்டார வளர்ச்சி அலுவலர்தான். தமிழ்நாட்டில் 388 ஒன்றியங்கள், சுமார் 12,500 கிராம ஊராட்சிகள். ஓர் ஒன்றியத்துக்குச் சராசரியாக முப்பதுக்கு மேல் வருகிறது. அத்தனை ஊருக்கும் ஒரே ஆள் தலைவர் மாதிரி இருந்து கையெழுத்துப் போட வேண்டும். அவரும் நடுவிலேயே மாற்றலாகிப் போவார், இன்னொருவர் வருவார். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால், கடைசியாக இருந்த தலைவருக்குத் தெரிந்த விஷயங்கள் இத்தனை கை மாறி உன்னிடம் வந்து சேரும்போது, அதில் என்ன மிஞ்சியிருக்கும்? ஆகவே இதை ஒருவர் கொடுத்து இன்னொருவர் வாங்குகிற காரியமாக நினைக்காதே. போகிறவர் ஊரிடம் கொடுத்துவிட்டுப் போக வேண்டும், வருகிறவர் ஊர் முன்னால் வாங்கிக்கொள்ள வேண்டும். நடுவில் எத்தனை வருஷம் இடைவெளி விழுந்தாலும் ஊர் அங்கேயேதான் இருக்கும்.

பதவியேற்ற மறுநாள் தண்ணீரிலிருந்து தொடங்கு. விடியற்காலையில் தொட்டி ஆபரேட்டரோடு நடந்து போ. எந்த வால்வைத் திறந்தால் எந்தத் தெருவுக்குத் தண்ணீர் போகும், எந்த வால்வு சிமென்ட் சாலைக்கு அடியில் மாட்டிக்கொண்டது, மேட்டுத் தெருவுக்கு ஏன் கூடுதல் நேரம் விட வேண்டியிருக்கிறது என்பதெல்லாம் பெரும்பாலான ஊர்களில் எந்தப் பதிவேட்டிலும் இருக்காது. அந்த மனிதரின் தலைக்குள் இருக்கும். அவர் சொல்லச் சொல்ல நீ ஒரு நோட்டில் வரைந்துகொள். பிறகு ஒவ்வொரு போர்வெல்லுக்கும் ஒரு பக்கம் ஒதுக்கு. எத்தனை அடி ஆழம், எத்தனை எச்.பி. மோட்டார், எத்தனையாவது அடியில் இறக்கியிருக்கிறது, கடைசியாக எப்போது மேலே தூக்கினார்கள், யார் காயில் கட்டினார், மின் இணைப்பு எண் என்ன என்று எழுது. கோடையில் ஒருநாள் மோட்டார் எரியும். அந்தப் பக்கம் கையில் இருந்தால் சரியான பைப்போடும் கேபிளோடும் ஆள் வந்து அன்றைக்கே வேலை முடியும். இல்லாவிட்டால் தூக்கிப் பார்த்த பிறகுதான் என்ன சாமான் வேண்டுமென்றே தெரியும். அதுவரை பெண்கள் குடத்தோடு பக்கத்துத் தோட்டங்களுக்கு அலைய வேண்டியதுதான்.

2020 ஜனவரியில் வந்தவர்களின் நிலைமையை யோசித்துப் பார். மூன்று வருஷத்துக்கு மேல் மக்கள் பிரதிநிதியே உட்காராத நாற்காலியில் போய் உட்கார்ந்தார்கள். 11-ஆம் தேதி துணைத் தலைவர் தேர்தல். ஊராட்சிக் காசோலையில் தலைவரோடு துணைத் தலைவரும் கையெழுத்திட வேண்டும் என்பதால் அதுவரை பணத்தில் கைவைக்க வழியில்லை. 26-ஆம் தேதி குடியரசு தினக் கிராம சபை. மார்ச் 24 இரவு கொரோனா ஊரடங்கு அறிவிப்பு வந்துவிட்டது. மூன்று மாதம்கூட ஆகாத தலைவர்கள்தான் தெருத்தெருவாகக் கிருமிநாசினி தெளித்தார்கள், வெளியூரிலிருந்து திரும்பியவர்களைத் தனியாகத் தங்கவைத்தார்கள். ஊரில் எங்கே என்ன இருக்கிறது என்று முதல் இருபது நாளிலேயே எழுதி வைத்துக்கொண்டவர்களால் அந்த நேரத்தில் ஊரைப் பார்க்க முடிந்தது. மற்றவர்கள் ஊராட்சிச் செயலாளரின் செல்போனையே நம்பிக் கிடந்தார்கள்.

இனி பணம். பொது நிதிக்கு ஒரு கணக்கு, மின்கட்டணத்துக்கும் குடிநீர் வாரியக் கட்டணத்துக்கும் இன்னொன்று, திட்ட நிதிக்கு மூன்றாவது என்று பிரித்து வைப்பது நம் ஊராட்சிகளின் நெடுநாள் ஏற்பாடு. ரொக்கப் புத்தகத்தையும் வங்கிப் புத்தகத்தையும் ஒரே நாளில், ஒரே மேஜையில் வைத்து ஒப்பிட்டுப் பார். கடைசியாக எழுதிய காசோலையின் எண், எழுதாமல் மிச்சமிருக்கும் தாள்கள், ரத்து செய்தவை எல்லாவற்றையும் குறித்து, செயலாளரிடமும் துணைத் தலைவரிடமும் கையெழுத்து வாங்கு. நிதிக்குழு மானியம் இப்போது இ-கிராம்ஸ்வராஜ் தளம் வழியாக, டிஜிட்டல் கையொப்பத்தில்தான் செலவாகிறது. பழையவர்களின் கையொப்பம் நீக்கப்பட்டதா, உன்னுடையது பதிவானதா என்று நீயே திரையில் பார். கையொப்பத்துக்கான கருவியை, பென் டிரைவ் அளவுதான் இருக்கும், யாரிடமும் கொடுத்து வைக்காதே. செயலாளர் நல்லவராக இருக்கலாம், ஒன்றிய அலுவலகத்தில் கேட்கலாம், சொந்தக்காரர் கேட்கலாம். கொடுக்காதே. அது உன் கை.

வரிக் கேட்புப் பதிவேட்டில் பழைய பாக்கி யார் யார் பேரில் நிற்கிறது என்று பார். அதில் நம் சொந்தக்காரர் பேர் இருந்தால் முதல் மாதமே கட்டச் சொல். அதன் பிறகு நீ யாரிடம் வரி கேட்டாலும் கொடுப்பார்கள்.

உன்னிடம் பழைய பில்களை நீட்டுவார்கள். அரைகுறையாக நிற்கிற சாக்கடை, பூச்சு வேலை பாக்கியிருக்கிற தொட்டி, தேர்தல் அறிவிப்புக்கு முன் அவசரமாகப் போட்ட சாலை. ஒப்பந்தக்காரர் மட்டுமல்ல, அவருக்காகப் பேச நாலு பேர் வருவார்கள். மூன்று காகிதங்களைக் கேள்: தீர்மானப் புத்தகத்தில் அந்த வேலைக்கான தீர்மானம், நிர்வாக அனுமதி, ஓவர்சீர் அளந்து எழுதிய எம்-புக். மூன்றும் இருந்து, வேலையும் தரையில் இருந்தால், செய்தவர் பழைய தலைவரின் ஆள் என்பதற்காக ஒரு நாள்கூட இழுத்தடிக்காதே. அந்தப் பணத்தில் சித்தாள் கூலியும் இருக்கிறது. ஒன்று குறைந்தாலும் எழுத்தில் பதில் கொடுத்துத் திருப்பி அனுப்பு. தணிக்கையில் தடை விழுந்தால் பதில் சொல்ல வேண்டியது கையெழுத்துப் போட்டவர்தான்.

காகிதத்தில் வராத ஒன்று உண்டு. வாய்ப்பேச்சில் கொடுத்த வாக்கு. தொட்டி கட்ட இடம் வேண்டும் என்று தலைவர் கேட்டிருப்பார், ஒரு விவசாயி வரப்போரமாக ஒரு சென்ட் கொடுத்திருப்பார், பதிலுக்குத் தன் வீட்டுப் பாதைக்கு ஒரு தெருவிளக்கு கேட்டிருப்பார். தொட்டி வந்துவிடும். விளக்கும் வராது, தானப் பத்திரமும் பதிவாகாது. பத்து வருஷம் கழித்து அவர் பிள்ளைகள் பாகம் பிரிக்கும்போது தொட்டியைச் சுற்றிக் கம்பி வேலி போடுவார்கள். அன்றைக்குப் பஞ்சாயத்தில் இருப்பவருக்குத் தலையும் புரியாது, வாலும் புரியாது. நிலம் சம்பந்தப்பட்ட ஒவ்வொரு வாக்கையும் தேடிப் பிடித்துப் பத்திரமாக்கு. நீதிமன்றத்தில் நிற்கிற ஆக்கிரமிப்பு வழக்குகளையும், அடுத்த வாய்தா தேதியையும் அதே நோட்டில் எழுது.

இந்த விவரமெல்லாம் பழைய தலைவரிடம்தான் இருக்கும். அதனால் அவர் வீட்டுக்கு நீயே போ. அவர் உன்னிடம் தோற்றவராக இருக்கலாம், அல்லது இடஒதுக்கீட்டுச் சுழற்சியில் பதவி மகளிருக்குப் போய்விட்டதால் நிற்க முடியாமல் போனவராக இருக்கலாம். வெற்றி ஊர்வலத்தோடு அந்தத் தெரு வழியாகப் போகாதே. கூட்டம் கலைந்த பிறகு, வார்டு உறுப்பினர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போய், “நீங்கள் முடிக்க நினைத்து முடியாமல் போனது என்ன?” என்று கேள். கணக்கு கேட்டால் வாயை மூடிக்கொள்பவர்கூட இந்தக் கேள்விக்குப் பேசுவார். அவர் காலத்துத் தவறு ஏதாவது உன் கண்ணில் பட்டால் எழுத்து மூலம் மேலே தெரிவி. மேடையில் பேசாதே. பொறுப்பு வாங்குவதையும் தவறைத் தேடுவதையும் ஒன்றாக்கிக்கொண்ட தலைவர்கள் விசாரணையும் நடத்தவில்லை, வேலையும் செய்யவில்லை.

பொறுப்பைக் கொடுக்கவே மறுக்கிற ஊர்களும் உண்டு. இதை மறைக்காமல் சொல்ல வேண்டும். மதுரை மாவட்டத்தில் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், விருதுநகர் மாவட்டத்தில் கொட்டக்கச்சியேந்தல் ஆகிய ஊராட்சிகள் பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்டபோது, 1996 முதல் 2006 வரை அங்கே தேர்தலே நடக்கவிடாமல் தடுத்தார்கள், அல்லது ஜெயித்தவரை உடனே ராஜினாமா செய்ய வைத்தார்கள். அப்படி ஒதுக்கப்பட்ட மேலவளவு ஊராட்சியின் தலைவர் முருகேசனையும் உடனிருந்தவர்களையும் 1997 ஜூனில் வெட்டிக் கொன்றார்கள். பழைய கதை என்று தள்ளிவிட முடியாது. சுதந்திர தினத்தன்று பட்டியல் சாதித் தலைவர்கள் கொடியேற்றுவதை யாரும் தடுக்கக் கூடாது என்று 2022-இல்கூடத் தலைமைச் செயலாளர் ஆட்சியர்களுக்குக் கடிதம் எழுத வேண்டியிருந்தது. அலுவலகச் சாவி, முத்திரை, நாற்காலி, பெயர்ப் பலகை, கொடிக்கம்பம் எல்லாமே ஒப்படைப்பில் சேர்ந்தவை. பக்கத்து ஊரில் இப்படி ஒரு தலைவருக்கு மறுக்கப்பட்டால் நீ அவர் பக்கத்தில் போய் நில். பெண் என்பதற்காக உனக்கே சிலதை மறுப்பார்கள். பாதி இடம் பெண்களுக்கு என்று 2016-இல் சட்டம் திருத்தியும், பல ஊர்களில் கோப்புகள் தலைவரின் கணவர் கைக்கோ அப்பா கைக்கோதான் போகின்றன. உன் அப்பாவிடம் நானே பேசுகிறேன்.

முன்னவர் செய்ததைத் தொடர்வது கௌரவக் குறைவு என்று நினைக்காதே. 2006-இல் தொடங்கிய அனைத்து கிராம அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தில் ஊருக்கு ஊர் நூலகம் கட்டினார்கள். ஆட்சியும் மாறி, தலைவர்களும் மாறியதும் பல நூலகங்கள் பூட்டியே கிடந்தன. புத்தகங்களைக் கரையான் தின்றது. மேட்டுப்பாளையம் பக்கத்து ஓடந்துறையில் நடந்தது வேறு. சண்முகம் தலைவராக இருந்தபோது, 2006-இல், அந்த ஊராட்சி தன் சேமிப்பு 40 லட்சத்தோடு வங்கிக் கடனும் வாங்கி, சுமார் 1.55 கோடி ரூபாயில் 350 கிலோவாட் காற்றாலை ஒன்றை வாங்கியது. கடன் தவணை அடுத்த மன்றத்தின் தலையில் விழுகிற ஏற்பாடு அது. பின்னால் வந்தவர்களும் கட்டினார்கள். காற்றாலை ஊருடையதாக நிலைத்தது.

நீ விலகும் நாளுக்கான வேலையை முதல் வருஷத்திலேயே தொடங்கிவிடு. மேலே சொன்ன நோட்டை வருஷத்துக்கு ஒருமுறை திருத்தி, அக்டோபர் 2 கிராம சபையில் வாசித்து, தீர்மானத்தோடு இணைத்துவிடு. செய்த சாதனைகளை அதில் எழுத வேண்டாம், கல்வெட்டில் போட்டுக்கொள்ளலாம். முடியாதவை, பாக்கி, வழக்கு, வாக்கு கொடுத்தவை, ஆபத்தான மின்கம்பம், ஒழுகுகிற அங்கன்வாடிக் கூரை — இவைதான் அதில் வேண்டும். அப்படி எழுதிவிட்டால் நடுவில் தனி அலுவலர் வந்தாலும், அடுத்த தலைவர் உன் எதிரியாகவே இருந்தாலும், சபையில் உட்கார்ந்து கேட்ட நூறு பேரும் சாட்சி. கடைசி மாதத்தில் புதிய வேலை எதையும் எடுக்காதே.

இதற்கெல்லாம் தேர்தல் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய ஆறு நாள்களில் எது அடுத்து வருகிறதோ, அன்றைக்குக் கிராம சபைக்குப் போ. தோழிகளையும் கூட்டிக்கொண்டு போ. வரவு செலவு அறிக்கையைக் கேட்டு வாங்கிப் படி. மின்கட்டணத்தில் எவ்வளவு பாக்கி இருக்கிறது, ஊராட்சிக்கு எத்தனை போர் இருக்கிறது, அதில் எத்தனை ஓடுகிறது என்று எழுந்து கேள். கிடைத்த பதிலை எனக்கு எழுது. பதிவேடுகளைப் படிப்பது எப்படி என்று அடுத்த கடிதத்தில் சொல்கிறேன்.

அன்புடன்,
பெரியப்பா