உறைபனியும் தேயிலைக் கொழுந்தும்

பாலக்காட்டுக் கணவாயில் கோடை வெப்பம் 40 டிகிரி செல்சியஸை எட்டுவது புதிதன்று. கணவாயின் தெற்கே எழும் மலைகள் நெல்லியாம்பதி, ஆனைமலை வழியாக இடுக்கி மாவட்டத்தின் மூணாறு வரை நீள்கின்றன. சுமார் 1,500 மீட்டர் உயரத்திலுள்ள மூணாற்றின் சுற்றுப்புறப் பள்ளத்தாக்குகளில் டிசம்பர், ஜனவரி மாதங்களில் உறைபனி விழுகிறது. 2019 ஜனவரியில் வெப்பநிலை பல நாட்கள் பூஜ்யத்திற்குக் கீழே இறங்கியதால் தேயிலைச் செடிகள் பெருமளவில் கருகின. கருகிய செடி மீண்டும் துளிர்க்க வாரக்கணக்கில் ஆகும். அதுவரை கொழுந்தெடுக்கும் தொழிலாளருக்கு வேலை குறைகிறது. எனவே, நீர் எப்போது, எவ்வாறு உறைகிறது என்பது இங்கு வாழ்க்கைப் பிரச்சினையாகும்.

வெப்பமானி காட்டாத குளிர்

நீர் 0 டிகிரியில் உறைகிறது. கடல் மட்டத்தில் 100 டிகிரியில் கொதிக்கிறது. உயரம் கூடக் கூடக் காற்றழுத்தம் குறைவதால் கொதிநிலை இறங்கும். மூணாற்றில் நீர் சுமார் 95 டிகிரியிலேயே கொதித்துவிடும். ஆனால் உறைநிலையில் குறிப்பிடத்தக்க மாறுதல் இல்லை.

அவ்வாறாயின், வெப்பமானி 3 டிகிரி காட்டும் காலையிலும் புல் வெளுத்திருப்பது ஏன்? வானிலை நிலையத்து வெப்பமானி தரைக்கு ஒரு மீட்டருக்கும் மேலே, கூண்டினுள் இருக்கிறது. மேகமும் காற்றசைவும் இல்லாத இரவில் தரையும் இலையும் தம் வெப்பத்தை வானை நோக்கி வீசி, அக்காற்றை விடக் குளிர்ந்துவிடுகின்றன. குளிர்ந்த காற்று கனமானது; சரிவில் வழிந்து பள்ளங்களில் தேங்குகிறது. அங்கே இலையின் வெப்பநிலை பூஜ்யத்திற்குக் கீழே செல்லும்போது, காற்றிலுள்ள நீராவி நீராகாமலே நேராகப் பனித்துகளாகப் படிகிறது.

இலைச்சாற்றில் பல பொருள்கள் கரைந்திருப்பதால் அது 0 டிகிரிக்குச் சற்றுக் கீழேதான் உறையும். உயிரணுக்களுக்கிடையே தோன்றும் பனித்துகள்கள் அணுக்களின் நீரை இழுத்துக்கொள்கின்றன. அதனால் உயிரணுக்கள் சிதைந்து, வெயில் ஏறியதும் இலை கருகிவிடுகிறது.

காக்கும் வழிகள்

ஒரு கிராம் நீர் உறையும்போது சுமார் 80 கலோரி வெப்பத்தை வெளிவிடுகிறது. இரவில் செடிமீது இடைவிடாது நீர் தெளித்தால், இவ்வெப்பம் இலையை 0 டிகிரிக்கு அருகிலேயே நிறுத்தி வைக்கும். பனிக்கட்டி உருகும்வரை தெளிப்பு நிற்கலாகாது. ஏனெனில், ஒரு கிராம் நீர் ஆவியாகும்போது ஏறத்தாழ 600 கலோரியை எடுத்துச் செல்கிறது. பாதியில் நிறுத்திய தெளிப்பு நன்மைக்குப் பதில் தீமையே செய்யும்.

போதிய நீர் இல்லாத இடங்களில் இளங்கன்றுகளை மாலையிலேயே வைக்கோலால் மூடலாம். குளிர்காற்று இறங்கும் சரிவில் தடுப்பு எழாமல் பார்த்துக்கொள்ளலாம். பள்ளங்களில் புதிதாக நடுவதைத் தவிர்க்கலாம். எல்லாவற்றிற்கும் முன்பாக, ஒரு வெப்பமானியைச் செடியின் உயரத்தில் திறந்த வெளியில் வைத்துப் பார்ப்பது நலம். கொழுந்தின் நிலையைக் கூண்டுக்குள் இருக்கும் கருவி சொல்வதில்லை.