முதல்ல ஒழுகலை நிறுத்து, அப்புறம் வெள்ளை அடி!

மே மாசம் ராத்திரி ஒன்பது மணிக்கு ஃபேனைப் போட்டா அனலா அடிக்குதுன்னு புலம்பறே. ஐப்பசி வந்தா அதே ரூம்ல சொட்டுக்குக் கீழே பக்கெட் வெச்சுட்டு உட்கார்ந்திருக்கே. ரெண்டுக்கும் காரணம் தலைக்கு மேல இருக்கிற மாடிதான். பகல் பூரா வெயிலைக் குடிச்ச கான்கிரீட் ராத்திரியில அதைக் கீழே விடுது. விரிசல் விட்ட கான்கிரீட் மழையைக் கீழே விடுது.

துபாய்ல இருக்கிற உன் மச்சான், 'இங்கெல்லாம் ஃபோம் போட்டு மேல டைல்ஸ் ஒட்டறாங்க, ஜில்லுன்னு இருக்கு'ன்னு போன்ல சொல்லுவார். அது நல்ல முறைதான், நான் குறை சொல்லலை. ஆனா பாலைவன ஊர்ல மழை எப்பவோ ஒரு நாள் வரும். நம்ம நாட்டுப் பாலைவனமான ஜெய்சல்மேர்லயே வருஷம் பூரா பெய்யறது சுமார் 20 சென்டிமீட்டர்தான். நம்ம சென்னை தாம்பரத்துல 2015 டிசம்பர் 1-ம் தேதி ஆரம்பிச்ச மழை, 24 மணி நேரத்துல 49 சென்டிமீட்டர் கொட்டுச்சு. அதே சென்னைதான் 2003 மே 31-ல 45 டிகிரி வெயிலும் பார்த்தது. அதனால நம்ம ஊர் மாடிக்கு முதல்ல தண்ணியைக் கவனி, சூட்டை அடுத்ததா பாரு. இந்த வரிசையை மாத்தாதே.

நான் மாத்தினேன். கார்த்திகையில ரெண்டு நாள் வெயில் அடிச்சதும், 'இப்பவே கூலிங் பெயின்ட் அடிச்சிடலாம்'னு ஒருத்தர் சொன்னதை நம்பினேன். தரைக்குள்ள ஈரம் இருந்திருக்கு. தை மாசம் வெயில் ஏறினதும் பெயின்ட் முழுக்கக் கொப்புளம் கொப்புளமா எழும்பி, துடைப்பத்தால கூட்டினா பொரிச்ச அப்பளம் மாதிரி நொறுங்கி வந்துச்சு. அந்தத் தப்பை நீ செய்யாதே.

புதுசா வீடு கட்டறியா?

1. சுர்க்கியை விட்டுடாதே. மேஸ்திரி, 'அதெல்லாம் எதுக்கும்மா, கெமிக்கல் அடிச்சாப் போதும்'பார். செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் சேர்த்து சராசரியா மூணு அங்குலம் போடற அந்த அடுக்குதான் கான்கிரீட்டுக்குப் போர்வை. வெயிலையும் தடுக்கும், வாட்டமும் அதுலதான் வரும். முன்னெல்லாம் கடுக்காயும் வெல்லமும் ஊறின தண்ணியைத் தெளிச்சு, பெண்கள் வரிசையா உட்கார்ந்து கட்டையால நாள்கணக்கா அடிப்பாங்க. இன்னைக்கு அவ்வளவு ஆள் கிடைக்காது. ஆனா சுண்ணாம்புக்குப் பதில் வெறும் சிமென்ட் கலவை போட்டா, சுருங்கி வெடிக்கும். கூடவே நின்னு பாரு.

2. வாட்டம் பத்தடிக்கு ரெண்டு அங்குலம் இருக்கட்டும். நூல் பிடிச்சு அளக்கச் சொல்லு. 'கண்ணாலயே பார்த்துட்டேன்'ங்கிற பேச்சை ஒத்துக்காதே.

3. மேல தட்டோடா, வெள்ளைக் கூலிங் டைல்ஸா? பட்ஜெட் இருந்தா கூலிங் டைல்ஸ். சூட்டைத் திருப்பி அடிக்கும். பளபளன்னு இருக்கிறதை வாங்காதே, மழையில வழுக்கும். சொரசொரப்பா இருக்கிறதை எடு. எந்த ஓடா இருந்தாலும் தண்ணி இறங்கறது ஓடு வழியா இல்லை, இடுக்கு வழியா. அந்த இடுக்கை நிரப்பற பொருள்ல மட்டும் கஞ்சத்தனம் பண்ணாதே.

4. கைப்பிடிச்சுவரும் தரையும் சேர்ற மூலையைச் சாய்வா உருட்டிப் பூசச் சொல்லு. பாதி ஒழுகல் அங்கேதான் ஆரம்பம்.

5. மாடியில ஷெட் போடறதா இருந்தா வெளிர் நிற ஷீட் வாங்கு, நாலு பக்கமும் காத்து போக விடு. நிழல் மாதிரி சூட்டைக் குறைக்கிறது வேற இல்லை. ஆனா 2016 டிசம்பர் 12 வர்தா புயலை மறந்துடாதே. ஷீட்டுங்க காகிதம் மாதிரி பறந்துச்சு. போல்ட்டையும் கம்பத்து அடியையும் வருஷா வருஷம் முறுக்கிப் பாரு. ஆஸ்பெஸ்டாஸ் வேண்டவே வேண்டாம். அதோட தூசி நுரையீரலுக்குக் கேடு. பழைய ஷீட் இருந்தா நீயே துளை போடறது, உடைக்கிறதுன்னு இறங்காதே.

இருக்கிற மாடியைக் காப்பாத்தணுமா?

முதல்ல ஒரு ஞாயித்துக்கிழமை காலையில, வெயில் ஏறதுக்கு முன்னாடி, சுத்தியலோட மரக் கைப்பிடியை எடுத்துக்கிட்டு மாடிக்குப் போ. ஒவ்வொரு ஓடா தட்டு. கெட்டியா 'ணங்'னு கேட்டா நல்லது. 'டொக்'னு பொள்ளலாக் கேட்டா, கீழே காலியிடம் இருக்கு. தண்ணி அங்கே தேங்கும். சாக்பீஸால பெருக்கல் குறி போடு. மேஸ்திரி வந்ததும் அந்த ஓடுகளை மட்டும் மாத்தச் சொல்லு. மாடி முழுக்கப் பெயர்க்கணும்னு அவர் சொன்னா, குறிகளை எண்ணிக் காட்டு.

- விரிசல்: சிமென்ட் பாலை ஊத்தி மூடாதே, காஞ்சதும் அதுவே வெடிக்கும். விரிசலை வி வடிவத்துல கீறி, தூசியைத் துலக்கி, கிராக் ஃபில்லர் பேஸ்ட்டை அழுத்தி அடை.

- அரசஞ்செடி: காக்கா எச்சத்துல வந்து கைப்பிடிச்சுவர்ல ரெண்டு இலை விடும். 'சாமி மரம், பாவம்'னு விட்டா, கொஞ்ச வருஷத்துல சுவரைப் பிளக்கும். தண்டை மட்டும் கிள்ளாதே, திரும்ப வரும். பூச்சைக் கொத்தி வேரோட எடுத்து, ஓட்டையை அடைச்சிடு.

- மழைநீர்க் குழாய்: ஆடி போனதும் ஒரு தடவை, புரட்டாசி கடைசியில ஒரு தடவை கையை விட்டுச் சுத்தம் பண்ணு. வேப்பிலை, பிளாஸ்டிக் கவர், வீட்டுக்கு வீடு பறந்து வர்ற பட்டம், எல்லாம் அங்கேதான் அடைக்கும். வாய்க்கு வலை மாட்டு. ஆயிரம் சதுர அடி மாடியில 1 சென்டிமீட்டர் மழை பெய்தா கிட்டத்தட்ட 930 லிட்டர். 2015 மாதிரி ஒரு நாள் வந்தா 45,000 லிட்டரைத் தாண்டும். அவ்வளவையும் தாங்கற குழாய் இருக்கான்னு பாரு. மழைநீர் சேகரிப்பு 2003-லயே தமிழ்நாட்டுல எல்லாக் கட்டடத்துக்கும் கட்டாயமாச்சு. கணக்குக்கு ஒரு குழாயைத் தெருவுக்கு விட்டுட்டு இருக்காதே, கிணத்துக்கோ உறை குழிக்கோ திருப்பு. 2019 கோடையில லாரித் தண்ணிக்கு நின்னவங்க நாம.

- ஓயாத சொட்டு: டேங்க் நிரம்பி வழியறது, ஏ.சி. தண்ணி, ரெண்டும் ஒரே இடத்துல விழ விடாதே. தொட்டியைத் தரையில வைக்காதே, ஸ்டாண்டுல வை. கீழே ஈரம் நின்னா ஓதம் உள்ளே இறங்கும்.

- சோலார்: பிரதமர் சூர்ய கர் திட்டத்துல 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம் இருக்கு, பேனல் மாடிக்கு நிழலும் தரும். ஆனா ஓட்டைத் துளைச்சு போல்ட் இறக்க விடாதே. தரை மேல கான்கிரீட் கட்டை வார்த்து, அதுல நிறுத்தச் சொல்லு.

இப்போ வெள்ளை அடி

மாசியில அடி. மழை முடிஞ்சு மாடி நல்லாக் காஞ்சிருக்கும், அக்னி நட்சத்திரத்துக்கு முன்னாடி வேலையும் முடியும். ஈரம் இருக்கான்னு சந்தேகமா? ஒரு பிளாஸ்டிக் ஷீட்டை நாலு பக்கமும் டேப் போட்டுத் தரையில ஒட்டி, மறுநாள் பிரிச்சுப் பாரு. அடியில வேர்த்திருந்தா இன்னும் காய விடு.

கையில காசு கம்மின்னா கிளிஞ்சல் சுண்ணாம்பு போதும். முதல் நாளே நீத்து, மறுநாள் வடிகட்டி, ஃபெவிகால் கலந்து, தரையை லேசா நனைச்சு ரெண்டு கை அடி. நீத்தும்போது கொதிக்கும், குழந்தைகளைக் கிட்ட விடாதே, கண்ணுக்குக் கண்ணாடி போடு. ஒரு மழைக்காலம் தாங்கும், அடுத்த வருஷம் திரும்ப அடிக்கணும். கூலிங் பெயின்ட்னா சில வருஷம் வரும். டப்பாவுல எஸ்.ஆர்.ஐ. எண்ணைப் பாரு, அது கூடக்கூடச் சூட்டைத் திருப்பி அடிக்கும். ப்ரைமரை மிச்சம் பிடிக்காதே.

அடிச்சதோட விட்டுடாதே. தூசி படிஞ்சா வெள்ளை பழுப்பாகும், பழுப்பானா சூடு ஏறும். சித்திரையில வடாம் போடறதுக்கு எப்படியும் மாடியைக் கழுவத்தானே போறே, அப்போ முழு மாடியையும் தேய்ச்சுக் கழுவிடு. உச்சி வெயில்ல கொதிக்கிற தரையில பக்கெட் பக்கெட்டா தண்ணி ஊத்தாதே, விரிசல் கூடும். சாயங்காலம் தெளி.

கடைசியா காசு விஷயம். ஒழுகல் வேலை பார்த்தவருக்கு முழுப் பணத்தையும் அன்னைக்கே எண்ணிக் கொடுக்காதே. பூசினது நல்லா இறுகினதும், வடிகுழாய் வாயைத் துணி மூட்டையால அடைச்சு, மாடியில ஒரு அங்குலம் தண்ணி கட்டு. ரெண்டு நாள் நிக்கட்டும். கீழே ஒவ்வொரு ரூமாப் போய்க் கூரையை அண்ணாந்து பாரு, மூலையைக் கையால தடவிப் பாரு. காஞ்சிருந்தா மீதியைக் கொடு.