அரிசி அந்தும் நெல் அந்தும்

கொட்டாஞ்சேனைப் பலசரக்குக் கடைகளிலும் வெள்ளவத்தை வீடுகளின் அரிசிப் பெட்டிகளிலும் மங்கிய நிறமுடைய சிறு பூச்சிகள் பறப்பதுண்டு. அனைத்தையும் அந்துப்பூச்சி என்றே மக்கள் அழைப்பர். ஆயினும், இவற்றுள் இரண்டினைப் பிரித்தறிதல் இன்றியமையாதது. பிரித்தறியாதார் அரிசியைப் புடைத்து மனநிறைவடைந்து, அருகிலுள்ள விதைநெல்லை இழப்பர்.

இரண்டும் செதிற்சிறகு வருணத்தைச் சேர்ந்தவை. தொட்டால் விரலிற் படியும் தூள் அச்செதில்களே. குடும்பமோ வேறு. அரிசி அந்து பைரலிடே குடும்பத்தது. 1866 இல் ஸ்ரெயின்ரன் இதனை விவரித்தார். கோர்சைரா செபலோனிக்கா என்னும் பெயரில் கிரேக்கத் தீவுகள் இரண்டின் பெயர்கள் அமைந்துள்ளன. அரிசிக்கு அப்பெயரில் இடமில்லை! நெல் அந்து கெலிக்கிடே குடும்பத்தது. 1789 இல் ஒலிவியே விவரித்த இவ்வினம் இன்று சிற்றோதுரோகா செரியலெல்லா எனப்படும்.

விரித்த சிறகின் அகலம் நெல் அந்தில் ஏறக்குறைய 12 மில்லிமீற்றர். அரிசி அந்தில் 20 மில்லிமீற்றர். ஆனால் உணவு குறைந்தவிடத்து வளர்ந்த பூச்சி சிறுத்திருக்குமாதலின் அளவை மட்டும் நம்புதல் தகாது. இறந்த பூச்சியை வெண்தாளில் வைத்து, ஊசியாற் சிறகை விரித்துக் கைவில்லையால் நோக்குக. நெல் அந்தின் முன்சிறகு வைக்கோல் நிறமுடையது. பின்சிறகின் நுனி திடீரென ஒடுங்கி விரல்போல் நீண்டிருக்கும். விளிம்பில் நீண்ட மயிர்த்தொங்கல் காணப்படும். இந்நுனியே ஐயமற்ற அடையாளம். தலையின் முன்னுள்ள உணரிகள் இரண்டும் கொம்புபோல் மேல்வளைந்திருக்கும். அரிசி அந்தின் பின்சிறகு அகன்று வட்டமாக முடியும். சாம்பல் கலந்த கபில நிற முன்சிறகில் நரம்புகள் சற்றுக் கருத்துத் தோன்றும்.

குடம்பிகளின் வாழ்க்கையும் வேறு. அரிசி அந்தின் குடம்பி குற்றிய அரிசியிலும் மாவிலும் நூல் நூற்று மணிகளைக் கட்டியாகப் பிணைக்கும். ஆதலால் அதன் இருப்பு வெளிப்படை. புடைத்து, பெட்டியைக் கழுவி, வெயிலிலுலர்த்தினாற் பெரிதும் குறையும். நெல் அந்தின் குடம்பியோ முழுநெல்லைத் துளைத்து உட்புகுந்து, முளையையும் மாவையும் உண்டு அங்கேயே கூட்டுப்புழுவாகும். வெளித்தோற்றத்தில் நெல் பழுதற்றே இருக்கும். பூச்சி வெளியேறிய பின்னரே வட்டத் துளை தெரியும்.

வன்னியிலிருந்து வந்த நெல்மூடையருகே விரல்நுனிச் சிறகுடைய பூச்சி ஒன்று அகப்படினும் அம்மூடையை விதைக்கு ஒதுக்கலாகாது. ஒரு பிடி நெல்லை நீரிலிட்டால் உள்ளீடற்றவை மிதக்கும். எஞ்சியவற்றில் நூறு மணிகளை ஈரத்துணியில் முளைக்கவிட்டு எண்ணுக. விதைக்கென வைக்கும் புதிய நெல்லை 13 வீத ஈரப்பதன் வரை உலர்த்தி, காற்றுப் புகாத கலத்தில் இட்டு மூடுக. வயலிற் கதிர் முற்றும்போதே இப்பூச்சி முட்டையிடக்கூடுமாதலின், அறுத்த நெல்லைக் காலந்தாழ்த்தாது அடித்துக் காயவிடல் வேண்டும்.