பல்ப் எரிந்தால் ரேடியோ இரைவது ஏன்?

கேள்வி: லயத்து வீட்டில் எல்இடி பல்ப் மாட்டியதிலிருந்து, இரவில் திருச்சி வானொலி கேட்கவே முடியவில்லை, ஒரே இரைச்சல். பல்ப்தான் காரணம் என்கிறான் மகன். அப்படியும் இருக்குமா?
– வாசகர், இறக்குவானை

பதில்: இருக்கும். குண்டு பல்பில் கம்பி சூடாகி ஒளிரும், அவ்வளவுதான். எல்இடி பல்புக்குள்ளோ மின்சாரத்தை நொடிக்குப் பல்லாயிரம் தடவை வெட்டிவெட்டிக் கொடுக்கும் சிறு சுற்று உண்டு. வடிகட்டியில் காசு மிச்சம் பிடித்த மலிவு பல்புகள் வீட்டு வயரையே ஏரியலாக்கி இரைச்சலைப் பரப்பும். 936 கிலோஹெர்ட்ஸில் தூரத்திலிருந்து வரும் திருச்சி அதில் அமுங்கிப்போகும்.

கடலிலும் இதே தொல்லைதான். பாய்மரப் படகில் விளக்கும் விஎச்எப் ரேடியோவின் ஏரியலும் பாய்மர உச்சியில் ஒட்டியே இருக்கும். எல்இடி விளக்குகளால் அவசர அழைப்பே காதில் விழாமல் போகலாம் என்று 2018 ஆகஸ்டில் அமெரிக்கக் கடலோரக் காவல்படை எச்சரித்தது.

ரேடியோவை பேட்டரியில் போட்டு, பல்புகளை ஒவ்வொன்றாக அணைத்துப் பாருங்கள். எல்லாவற்றையும் அணைத்த பிறகும் இரைந்தால், அடுத்த வீட்டு பல்பாக இருக்கலாம். லயத்தில் நடுவே ஒரு சுவர்தானே! சண்டைக்குப் போகவேண்டாம். ரேடியோவை மெல்லத் திருப்புங்கள். உள்ளிருக்கும் ஃபெரைட் குச்சி ஏரியல் ஏதாவதொரு திசையில் இரைச்சலைக் குறைவாக வாங்கும். குற்றவாளி உங்கள் பல்பேதான் என்றால், அதை வாசலுக்கு மாற்றிவிட்டு ரேடியோ பக்கம் வேறு கம்பெனி பல்பைப் போடுங்கள்.